மூன்றாவது பொட்டு

என் கணவர் தேனியில் வாங்கி வந்த பழைய லேப்டாப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு பக்கக் கீல் உடைந்து, மூடி நிற்கவே மாட்டேன் என்றது. கேமராவுக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடி போயிருந்தது. பேட்டரி செத்துவிட்டதால் வயரைச் செருகியிருந்தால்தான் ஓடும். மூடியை எங்கள் தோட்டத்துத் திராட்சைப் பெட்டி மேல் சாய்த்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு எனக்கு நேர்காணல். மகள் பிறந்தபோது கணக்கு டீச்சர் வேலையை விட்டவள் நான். ஒன்பது வருஷம் கழித்து, வீட்டிலிருந்தே ஆன்லைனில் பாடம் நடத்த ஒரு வாய்ப்பு. முகம் தெரிய வேண்டும், கேமரா கட்டாயம் என்றிருந்தார்கள். விண்ணப்பித்ததை அவரிடம் சொன்ன அன்று “ம்” என்றார், தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அந்த “ம்” எனக்குப் பிடிக்கவே இல்லை.

வீட்டுக்கு எந்த இயந்திரம் வந்தாலும் சந்தனப் பொட்டு வைக்காமல் அவர் சுவிட்சைத் தொடவிட மாட்டார். மருந்தடிக்கும் ஸ்பிரேயர், கிணற்று மோட்டார், மகளின் சைக்கிள், எதுவும் தப்பியதில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் லேப்டாப்புக்கும் வைத்துவிட்டார். திரைக்கு மேலே அப்பியிருந்ததை முணுமுணுத்துக்கொண்டே ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன்.

ஆன் செய்தால் முந்தைய சொந்தக்காரரின் பாஸ்வேர்டைக் கேட்டது. கடைக்காரருக்கும் அது தெரியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போடுவதைத் தவிர வழியில்லை. சின்னமனூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் தோழி பென் டிரைவ் கொடுத்து, போனிலேயே வழியும் சொன்னாள்.

புதன்கிழமை எழுபத்தொரு சதவீதம் ஏறியிருந்தபோது, தினமும்போல நாலேகாலுக்கு, மோட்டாருக்கான த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தது. அவர் மோட்டாரைப் போட்டார். மோட்டார் எடுக்கும்போது எங்கள் வீட்டில் விளக்கு மங்கும். அந்த ஒரு நொடிக்கே லேப்டாப் அணைந்துவிட்டது. கிணற்றடி வரைக்கும் கேட்கும்படி கத்தினேன்.

வியாழக்கிழமை முதலிலிருந்து தொடங்கி முழுதாக ஏற்றினேன். கேமராவைத் திறந்தால் கும்மிருட்டு. கேமராவை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் சரியாக ஏறவில்லை போல என்றாள் தோழி. வெள்ளி காலையில் மூன்றாவது தடவையும் அழித்துப் போட்டேன். அப்போதும் இருட்டுதான். மணி ஒன்றாகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வேலைக்குப் போவதில் உங்களுக்கு இஷ்டமில்லை, அதனால்தான் இந்த உடைசலைப் பொறுக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, கேமரா எது என்று கேட்டார். காட்டினேன். குனிந்து பார்த்தவரின் முகம் மாறிவிட்டது.

“எல்லாத்துக்கும் ஒரு பொட்டுதான் வைப்பேன். இது ஒனக்கு அமஞ்சிரணும்னு மூணு வச்சேன். மூணாவது அங்கன விழுந்திருக்கு.”

வைத்தவர் அவர். துடைக்கிறேன் என்று ஓட்டைக்குள் திணித்தவள் நான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாலிக்கொடியில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளறினார். கொஞ்ச நேரத்தில் திரையில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது, கொஞ்சம் மஞ்சளாக.

நேர்காணல் நன்றாகத்தான் தொடங்கியது. பேச்சின் நடுவே கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பதினான்கு. இன்றைக்கு மோட்டார் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லவே மறந்திருக்கிறேன். இப்போது விளக்கு மங்கும், இப்போது மங்கும் என்று நினைத்தபடியே, பின்னங்களைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரை மங்கவில்லை.

முடிந்ததும் கிணற்றடிக்கு ஓடினேன். மோட்டார் ரூம் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். கொடிகளுக்குத் தண்ணீர் பாயவில்லை. நான் கேட்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து மோட்டாரின் ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் எடுத்துக் காட்டினார்.

“வேலைக்கு வந்தவுக யாராச்சும் தெரியாமப் போட்டுருவாகளோன்னு கழட்டி வச்சுக்கிட்டேன்.”

வேலை கிடைத்துவிட்டதாகத் திங்கட்கிழமை மெயில் வந்தது. அவரிடம் படித்துக் காட்டினேன். “ம்” என்றார், தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.