வெளியிலிருந்து கறுப்பாகத் தெரிந்த ஜன்னல்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதும்படி அத்தான் கேட்டார். புகழ எனக்குத் தெரியும். பொறாமைப்படாமல் புகழத்தான் வராது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பல்லாவரத்தில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்கு வயது பத்தொன்பது, எனக்குப் பன்னிரண்டு. அந்த மாதமே ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தார். அவர் சம்பளத்தில்தான் ஓவியம் படித்து, பள்ளியில் டிராயிங் டீச்சர் ஆனேன். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் படிப்பு, சமையல், கோலம் எதிலும் அக்காதான் முதல். படம் வரைவது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

ஓய்வு பெற்றபின் அதிலும் கை வைத்தார். செல்போனில் வீடியோ பார்த்து, ஊரப்பாக்கம் வீட்டு ஹால் ஜன்னலில் வண்ணக் கண்ணாடிப் படம் செய்ய ஆரம்பித்தார். தாம்பரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பாய் மீந்த துண்டுகளைப் பை நிறையக் கொடுத்தார். அவற்றைக் கட்டரால் கீறி ஒடித்து, ஜன்னல் கண்ணாடி மேல் ஒவ்வொன்றாக ஒட்டி, இடுக்குகளில் கறுப்புப் பொடி கலந்த சிமெண்டைப் பூசித் துடைத்தார். விரலெல்லாம் பிளாஸ்திரி. சாப்பாட்டு மேசை முழுக்கக் கண்ணாடி என்பதால் நான்கு மாதம் அத்தான் சோபாவில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

பொங்கலுக்கு ஜன்னல் தயார். காலனியே போய்ப் பார்த்தது. "டீச்சர், உங்க அக்கா பெரிய ஆர்ட்டிஸ்ட்டு!" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். முப்பது வருடமாக ஓவியம் சொல்லிக்கொடுக்கும் என்னை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. வயிறு எரிந்தது.

என் வீடு அதே தெருக்கோடியில். ஒரு நாள் காலை பள்ளிக்கு ட்ரெயின் பிடிக்க ஸ்டேஷனுக்குப் போகும்போது அக்கா கேட்டில் நின்று மறித்தார்.

"உள்ள வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போயேன்டி. கலர் சரியா வந்திருக்கான்னு நீதான் சொல்லணும்."

"அதான் இங்கிருந்தே தெரியுதே. ஒரே கறுப்பா இருக்கு."

அக்காவின் முகம் வாடிவிட்டது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் வண்ணக் கண்ணாடி நிறம் காட்டும். பகலில் தெருவிலிருந்து பார்த்தால் கறுப்பாகத்தான் இருக்கும். டிராயிங் டீச்சருக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் சொன்னேன்.

அன்று மாலை நான் வேலை முடிந்து திரும்பும்போது அந்த ஹாலில் விளக்கு எரிந்தது. ஜன்னல் சிவப்பும் பச்சையுமாகப் பளிச்சென்று இருந்தது. மறுநாளும் அப்படித்தான். 'எப்படிப் பீத்திக்கறா பாரு' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, அதன்பிறகு தினமும் தலை நிமிராமல் அந்த வீட்டைக் கடந்தேன். ஆறு மாதம் அதன் படி ஏறவில்லை.

ஆடியில் அக்காவுக்கு நெஞ்சு வலி. மருத்துவமனையில் இரண்டு நாள் பேச்சில்லாமல் கிடந்து, மூன்றாம் நாள் விடியற்காலை காலமானார். எட்டு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் வைத்தோம். அன்றுதான் உள்ளே போனேன். கிழக்கு வெயில் ஜன்னல் வழியாக வந்து அக்காவின் மேல் சிவப்பும் பச்சையுமாக விழுந்திருந்தது. படத்தில் இருந்தது பல்லாவரம் வீட்டு மாதுளஞ்செடி.

காரியம் முடிந்த மாலை, அத்தான் கடிகாரத்தைப் பார்த்து எழுந்துபோய் ஹால் விளக்கைப் போட்டார்.

"இன்னும் எதுக்கு அத்தான்?" என்றேன்.

"பழக்கமாயிடுச்சும்மா. நீ ட்ரெயின் விட்டு வர்ற நேரத்துக்குத்தான் உங்க அக்கா இதைப் போடுவா. நீ தாண்டினதும் அணைச்சிடுவா. வெளியிலேருந்து கறுப்பாத் தெரியுதுன்னு சொன்னியாமே?"

மருத்துவமனைக்கு ஓடி வந்த காலனிக்காரர்களுக்கும், துண்டுகள் கொடுத்ததோடு கடைசிவரை வந்து நின்ற பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நீங்கள் எல்லோரும் அக்கா பக்கத்தில் நின்று அந்த ஜன்னலைப் பார்த்தவர்கள். உங்கள் மேல் எனக்கு இப்போதும் பொறாமைதான்.

கலர் சரியாகத்தான் வந்திருக்கிறது, அக்கா.