மண்டியிட்ட குதிரை

எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கொலுவைக் கண்டோர் யாவரும் மண்டியிட்ட குதிரைக்காக என்னைப் பாராட்டுகின்றனர். அப்பாராட்டு எனக்குரியதன்று, ஆதலால் இதனை எழுதுதல் என் கடனாயிற்று.

இவ்வாண்டுக் கொலுவில் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் வைத்தோம். மாப்பிள்ளைக்குரிய குதிரையைப் பாலிமர் களிமண்ணில் நானே வனைந்தேன். பிடரி மயிரை இழை இழையாக ஒட்டி மகிழ்ந்த நான், கால்களுக்குள் கம்பி வைக்க மறந்துவிட்டேன். மின்னடுப்பின் சூட்டில் முன்னங்கால்கள் மடங்கின. ஆறியதும் அப்படியே இறுகிவிட்டன. விருந்தினர் வரும் நேரம். வேறொன்று செய்யப் பொழுதில்லை.

“மாப்பிள்ளை நடந்தே வரட்டும், விடுங்கோ!” என்று நகைத்தாள் மனைவி. நான் குதிரையை மறைக்கத் துணி தேடினேன்.

அதற்குள் எதிர்வீட்டுச் செல்வி கொலு பார்க்க வந்துவிட்டார். ஆட்டோ ஓட்டுபவர், உரத்த குரலினர்.

“இன்னா சார், மாப்ள ஏற்றதுக்காக குந்திக்கினு கீதா? குதிரைக்குக்கூட மருவாதி தெரியுது பாருங்க!”

மனைவி என்னை நோக்கினாள். நான் துணியை வைத்துவிட்டு, மாப்பிள்ளைப் பொம்மையைக் குதிரையருகே, ஏறப்போகிறவர்போல் நிறுத்தினேன். ஊர்வலம் முழுவதும் அவருக்காகவே காத்துநிற்பதுபோல் ஆயிற்று. மூவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

செல்வி கண்ட குதிரையையே இப்போது நானும் காண்கிறேன். இவ்வுரையில் பிழை இருப்பின் வாசகர் அன்புகூர்ந்து திருத்துக; குதிரையை மட்டும் திருத்த வேண்டா.