இடது கைக்கு ஒரு கழுத்து

ஆயுளுக்கும் ஒன்று போதும் என்று ஒரு நல்ல கிடார் வாங்கத் திருச்சியிலிருந்து வந்திருக்கிறோம். காலையில் தி. நகர் கடையில் வாசித்துப் பார்த்த கம்பெனி கிடாருக்கு அருமையான நாதம். இடது கையால் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கழுத்துதான் என் குட்டை விரல்களுக்கு அடங்கவில்லை.

"அதையே வாங்கிட்டா இன்னிக்கே கையோட கொண்டு போயிடலாம்" என்கிறார் கணவர்.

இப்போது அடையாறில், மரத்தூள் மணக்கும் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறோம். கிடார் செய்யும் சேகர் என் கைக்கேற்பக் கழுத்தை இழைத்துத் தருவார். ஆனால் ஆறு மாதம் ஆகும். அதுவரை அதன் குரலைக் கேட்க முடியாது.

"செஞ்சப்புறம் சவுண்டு பிடிக்காம போச்சுன்னா?"

"இன்னா மேடம், சாரைக் கட்டிக்கறப்போ இதைக் கேட்டீங்களா?"

பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்.

"கேக்கல" என்று சொல்லி, அளவெடுக்க இடது கையை நீட்டுகிறேன்.