கூரையில்லாத வீட்டில் ஒரு விசாரணை

சுவர்கள் ஜன்னல் உயரத்தைத் தாண்டியிருந்தபோது எங்கள் கான்ட்ராக்டர் வேலையை விட்டுவிட்டுப் போனார். சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒரு திங்கள்கிழமை கொத்தனார்கள் வரவில்லை. மறுநாள் சாரக் கம்புகளை அவிழ்த்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அந்த வண்டி எனக்கு எதிரே வந்தது. யார் வீட்டுச் சாரமோ என்று நினைத்து ஒதுங்கி வழிகூட விட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவர் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் எழுதும் கிளார்க். காலை பஸ்ஸில் போனால் இருட்டித்தான் திரும்புவார். ஊர் ஓரத்தில் என் பேரில் ஒரு மனை வாங்கியிருந்தோம். கரிசல் மண். மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கிற மண்ணில் வீடு நிற்க வேண்டுமானால் ஆள் மறையும் ஆழத்துக்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டும். தோண்டினோம். கையிருப்பில் பாதி மண்ணுக்குள்ளேயே போயிற்று.

நகராட்சி எல்லைக்குள் வீடு கட்ட, லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் பிளானில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர்தான் வீடு முடிகிற வரைக்கும் பொறுப்பு. எங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர் ஊரில் பெரிய ஆள். பூமி பூஜைக்கு அவரே ஆள் அம்போடு வந்து, எங்களுக்கு முன்னால் தேங்காயை உடைத்தார்.

அவர் எங்கே போனார் என்ற செய்தியைக் கொண்டுவந்தது என் கணவர்தான்.

"எங்க கம்பெனிக்குப் பக்கத்துலதான் ஷெட்டு போட்டுக்கிட்டு இருக்காரு."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். சீசனுக்குள்ள முடிச்சுக் குடுக்கணுமாம். 'உங்க வீடு எங்கயும் ஓடிராது, தீபாவளி கழியட்டும்'னாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

அவர் கை கழுவப் போனார். சண்டை என்றால் அவர் ஒதுங்கிப் போய்விடுவார். நல்ல மனிதர், அந்தக் குணத்துக்காகவே எத்தனையோ பேர் அவர் தலையில் மிளகாய் அரைத்தார்கள்.

தீபாவளி கழிந்தது. பொங்கலும் கழிந்தது. மனையில் ஆவாரஞ்செடி முளைத்து ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தது. வேறு கான்ட்ராக்டர்களைத் தேடிப் போனேன். எல்லோரும் மரியாதையாக உட்காரவைத்தார்கள், காப்பி கொடுத்தார்கள், கையை விரித்தார்கள். ஒருவர் கையெழுத்துப் போட்ட வேலையை, அவர் சம்மதம் எழுதித் தராமல் இன்னொருவர் தொடக்கூடாது. அப்படித்தான் நடைமுறை.

சரி, அந்தச் சம்மதத்தையே வாங்கிவிடலாம் என்று அவருடைய ஆபீசுக்குப் போனேன். கடைவீதியில் ஒரு பருப்பு மண்டியின் மாடி. அவர் எழுந்து கும்பிட்டார்.

"தாராளமா எழுதித் தாரேன், டீச்சரம்மா. நீங்களும் ஒரு வரி எழுதித் தரணும். நானாத்தான் வேலையை நிறுத்தச் சொன்னேன்னு."

"நான் நிறுத்தச் சொல்லலையே."

"அது நமக்குத் தெரியும். லைசென்ஸ் ஆபீசுக்குத் தெரிய வேண்டாமில்ல? பாதியில விட்டுட்டுப் போனேன்னு வந்தா என் தொழில் என்னாகுறது?"

"விட்டுட்டுத்தான போனீக?"

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை தப்பாகக் கணக்குப் போட்டால் நான் சிரிப்பேனே, அந்தச் சிரிப்பு. நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

அன்று சாப்பாட்டில் உட்கார்ந்ததும் என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஒத்த வரிதான. எழுதிக் குடுத்துட்டா அடுத்த மாசமே தளம் போட்டுரலாம்."

"பொய்யி எழுதச் சொல்றீகளா?"

"ஊர்ல எம்புட்டோ பேரு எழுதுறாக."

"எழுதட்டும். என் வீட்டை நானே நிறுத்துனேன்னு என் கையால எழுத மாட்டேன்."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஒற்றை அறை வாடகை வீட்டில் பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கும்.

அந்த வாரத்திலேயே நகராட்சிக்கு மனுப் போட்டேன். இந்த வீட்டைப் பாதியில் விட்டவருக்கு லைசென்ஸ் இருக்கக்கூடாது. அதை ரத்து செய்ய வேண்டும். மனுவை வாங்கிய குமாஸ்தா மேலும் கீழும் பார்த்தார். "ஐயா வரலையாம்மா?" என்று கேட்டார். மனை என் பேரில் இருக்கிறது, ஐயாவுக்கு ஆபீஸ் இருக்கிறது என்றேன்.

கான்ட்ராக்டர் அனுப்பிய பதிலைப் படித்தபோது முகம் சுட்டது. அந்த அம்மாள் தினமும் வந்து வேலையாட்களைத் திட்டினார், தண்ணீர் தரவில்லை, அவமானம் தாங்காமல் ஆட்கள் ஓடிவிட்டார்கள், வீட்டு வேலையும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, பூச்சுதான் பாக்கி என்று எழுதியிருந்தார்.

திட்டியது உண்மை. ஒரு நாள் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிச் சுவரில் கீறிப் பார்த்தேன். சுண்ணாம்பு பேருக்குத்தான் இருந்தது, மணல் பொலபொலவென்று கொட்டியது. அந்த வரிசையைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னேன். அதற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

பிறகு ஆளாளுக்கு வந்தார்கள். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் என் கணவரைப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி, "வீட்டுல சொல்லி வைங்க" என்றாராம். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அவரு நம்ம நிர்வாகத்துக்கு வேண்டியவரு. உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?"

"நான் ஒருநா லேட்டா வந்திருக்கேனா? பிள்ளைகளுக்குப் பாடம் பாக்கி இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்ப நாலு மணிக்கு மேல நான் யாரோட வம்பு பண்ணுனா என்னங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு நாள், யாரும் இல்லாத நேரத்தில், "விசாரணை என்னிக்கு? லீவு வேணும்னா எடுத்துக்கோங்க" என்றார்.

விசாரணையை நகராட்சி ஆபீசில் வைத்திருந்தார்கள். ஆணையர் வெளியூர்க்காரர், வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நான் எழுந்து, "வீடு முடிஞ்சிருச்சுன்னு எழுதியிருக்காரு. அப்ப அந்த வீட்டுலயே உக்காந்து விசாரிங்க" என்றேன்.

கான்ட்ராக்டர் அவசரமாக, "ஐயாவுக்கு எதுக்கு வெயில்ல சிரமம்?" என்றார்.

"முடிஞ்ச வீட்டுக்குள்ள ஏது வெயில்?" என்றேன்.

ஆணையர் என்னை ஒரு முறை பார்த்தார், அவரை ஒரு முறை பார்த்தார். வருகிற சனிக்கிழமை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

சித்திரை வெயில். என் கணவர் அன்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டார், நான் கேட்கவில்லை. அவரே ஆவாரஞ்செடிகளை வெட்டி வழி பண்ணினார், பக்கத்து வீட்டில் நாற்காலிகள் இரவல் வாங்கினார். கூடத்துக்கு நடுவில் போட்டோம். ஆணையர் உட்கார்ந்தார். கான்ட்ராக்டர் பேசப் பேச வெயில் ஏறியது. ஆணையர் நாற்காலியைக் கிழக்குச் சுவரின் நிழலுக்கு இழுத்துப் போட்டார். நிழல் சுருங்கச் சுருங்க அவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டே போனார். கடைசியில் நிழலே இல்லை. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"பூச்சு வேலைதான் பாக்கி என்று எழுதியிருக்கிறீர்களே," என்றார் கான்ட்ராக்டரிடம். "எதைப் பூசுவீர்கள்? வானத்தையா?"

"இந்தம்மா நிம்மதியா வேலை செய்ய விட்டிருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன் சார். தண்ணிகூடத் தரலை."

தண்ணீர் கொண்டுவருவது அவர் பொறுப்பு என்று பேசியிருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் என் கணவர் முன்னால் வந்தார்.

"எங்க ஊர்ல குடிக்கவே தண்ணி கிடையாது, சார். அப்பவும் இவ விடிய முந்தி கெணத்துல எறைச்சு இந்தச் சொவத்தை நனைச்சுட்டுத்தான் பள்ளிக்கூடம் போவா. இந்தத் தெருவே பாத்திருக்கு. யாரை வேணும்னாலும் கேளுங்க."

வேலிக்கு வெளியே நின்ற பெண்களில் ஒருத்தி, கேட்காமலே, "ஆமாங்கய்யா, நாங்க பாத்தோம்" என்றாள். கான்ட்ராக்டர் திரும்பி முறைத்தார். அவள் இடுப்புக் குடத்தை மாற்றி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

உத்தரவு வர ஒரு மாதமாயிற்று. ரத்து செய்யவில்லை. வேலையைக் கைவிட்டது அவர் தப்பு என்றும், எங்கள் வீடு முடிகிற வரை அவர் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்படுகிறது என்றும், அவர் சம்மதம் இல்லாமலே வேறு ஆளை வைத்து நாங்கள் கட்டிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. நான் கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்து மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். உள்ளூரில் அப்போதும் யாரும் முன்வராததால் காரியாபட்டியிலிருந்து ஒரு கான்ட்ராக்டரை அழைத்து வந்தோம். அதிகம் பேசாத ஆள். சொன்ன தேதிக்கு வந்தார், அது போதுமாக இருந்தது.

மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கித் தளம் போடுகிற நாளில் பழைய கான்ட்ராக்டர் வாசலில் வந்து நின்றார். இந்த முறை சிரிப்பு இல்லை.

"வீடு முடியப்போகுது. எனக்கும் உங்களுக்கும் ஒண்ணும் தகராறு இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீகன்னா லைசென்ஸ் சீக்கிரம் வந்துரும். கம்பெனி வேலை எல்லாம் அப்படியே நிக்குது."

"நடந்ததை நடந்தபடி எழுதித் தாரேன். வேணுமா?"

"நடந்தபடின்னா?"

"சாரத்தை அவுத்துக்கிட்டுப் போனதுல இருந்து."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர், "அவ சொல்றதுதான்" என்றார். கான்ட்ராக்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிற்பாடு, வீடு முடிந்தபின், அவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. கடைசிக்காலம் வரைக்கும் பெரிய ஆளாகவே இருந்தார். அதைத் தடுக்க என்னால் முடியவில்லை.

மேலே பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டிய தளத்தை மரக்கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு இறுகத் தெளித்த கடுக்காய்த் தண்ணீரின் துவர்ப்பு வாசம் தெருவரைக்கும் அடித்தது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

"டீச்சரம்மா, கை கொப்புளிச்சுப் போகும், நீங்க எறங்குங்க" என்றாள் ஒருத்தி.

"ஒரு கட்டை குடு" என்றேன்.

அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். மற்றவர்கள் அடிக்கிற தாளத்துக்கு என் கை ஒத்துப்போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பொழுது சாயும் வரை இறங்கவில்லை.