நட்சத்திரமாக்கிய நிமிடங்கள்

சாயப்பட்டறை ஆள் ஒருவரின் வேலை போனதற்கு நான்தான் காரணம். என் தவறை அவர் மீது சுமத்தி அறிக்கை எழுதி, கையெழுத்தும் போட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். சாயத்தொட்டியில் துணி எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் புரோகிராம் எங்களுடையது. அதில் திருத்தம் செய்யும்போதெல்லாம் ஓட்டிப் பார்ப்போம். அது எழுதும் பதிவைச் சரியான பழைய பதிவோடு கம்ப்யூட்டரே ஒப்பிடும். தேதியும் மணியும் ஒவ்வொரு முறையும் மாறுவதால் எல்லா வரியும் வேறுபாடு என்று வந்து நிற்கும். ஆகவே ஒப்பிடும் முன் இரண்டு பதிவிலும் அவற்றை நட்சத்திரக் குறிகளாக (*) மாற்றி மறைத்துவிட வேண்டும். எது மாறலாம், எது மாறக்கூடாது என்று பிரிக்க எனக்குச் சோம்பல். எண்கள் அத்தனையையும் நட்சத்திரமாக்கிவிட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் சோதனை பார்த்த பெண் கேட்டாள்: "மணி மாறட்டுங்க சார். கொதிச்ச நிமிசம் மாறலாமுங்களா? அதையும் மறைச்சுப்போட்டா அப்புறம் எதைத்தானுங்க ஒப்பிடறது?"

"வேறுபாடு இல்லைன்னு வருதல்ல அம்மணி? ஊட்டுக்குக் கிளம்பற வழியப் பாரு," என்றேன்.

அன்னூர்ப் பக்கத்துப் பட்டறையில் ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலத்தில் தொட்டியைத் தொடங்க வேண்டியிருந்தது. அங்கிருந்த ஆள் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, நல்ல நேரத்தில் தொடங்கியதாகப் பதியவைத்து, பிறகு கடிகாரத்தைச் சரிசெய்தார். புரோகிராம் அந்த இடைவெளியையும் கொதித்த நேரமாக எண்ணி, சாயத்தைச் சீக்கிரமே வடித்துவிட்டது. துணி திட்டுத்திட்டாக வெளிறி, சீழ் வைத்த புண் மாதிரி கிடந்தது. கடிகாரத்தை மாற்றிப் பார்க்கும் சோதனை எங்களிடம் இருந்தது. அதில் நிமிடங்கள் தப்பாகத்தான் வந்திருந்தன, அந்தத் தப்பை நட்சத்திரங்கள் மூடிவிட்டன.

துணி பாழானது 'ஊழியரின் மூடநம்பிக்கையால்' என்று அறிக்கையில் எழுதினேன். அந்தப் படித்த வார்த்தையே போதுமானதாக இருந்தது. அவரை நிறுத்திவிட்டார்கள்.

சத்தமில்லாமல் புரோகிராமைத் திருத்தினேன். நிமிடங்களை மறைப்பதையும் விட்டேன். பல மாதம் கழித்துத்தான் பட்டறை முதலாளியிடம் உண்மையைச் சொல்லத் துணிவு வந்தது. அவர் சிரித்தார்.

"ஒரு ஆளுக்காக இத்தனை தூரம் வந்தீங்களாக்கும்? வரச்சொல்லுங்க, ஈரத்துணி தூக்கட்டும். கம்ப்யூட்டரத் தொடக்கூடாதுங்க."

அதைச் சொல்ல அந்த ஆளின் வீட்டுக்குப் போனேன். நடந்ததையும் முதலாளி சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே," என்றார். "இருங்க, காப்பி குடிச்சுப்போட்டுப் போவீங்களாமா."

குடித்தேன். அவர் பட்டறைக்குத் திரும்பவேயில்லை.