எட்டாத அடிமூடி

எங்கள் நீச்சல் குளத்தில் கோடை முடிவதைக் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தரையைப் பார்த்தால் போதும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது பிள்ளைகளின் ஈரக் காலடிகள் பதிந்த கையோடு காய்ந்துவிடும். கோடை இறங்கத் தொடங்கினால் அந்த ஈரம் போக மனசில்லாமல் அப்படியே கிடக்கும். டீ நேரத்துக்கெல்லாம் பின்சுவரின் நிழல் பாதிக் குளத்தை மூடிவிடும். தண்ணீரில் தட்டான்கள் தாழப் பறக்கும். டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கொட்டாவி மேல் கொட்டாவியாக வரும்.

இதெல்லாம் வருஷா வருஷம் உள்ளதுதான். இந்த வருஷம் புதிதாக ஒன்றைக் கவனித்தேன். என் வீட்டுக்காரர் அடிக்கடி குனிந்து தரையில் கிடந்த இலைகளைப் பொறுக்கினார்.

வீட்டில் குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத மனுஷர் அவர். இந்தக் குளத்தில் உயரமான இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் மூழ்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். அதனால் ஊருக்கே அவர் ‘விசில்’தான். நாங்கள் கல்யாணம் பண்ணிக்கொண்ட காலத்திலிருந்தே அவர் நாற்காலியிலும் நான் ஜன்னலிலும் இருக்கிறோம். இலை பொறுக்குவது எங்கள் இருவருக்குமே சம்பந்தமில்லாத வேலை. அதற்குத் தனி ஆள் உண்டு.

நாற்காலியிலிருந்து இறங்கினால் ஒரு இலை. குளத்தைச் சுற்றி வந்தால் ஒரு இலை. குனிந்தவர் சட்டென்று நிமிர மாட்டார். அவர் மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் இப்படிக் குனிகிறார் என்று புரிய எனக்குச் சில நாள் ஆயிற்று.

வேறொரு ஊரில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள் போனில் கத்திக் கத்தித்தான் அவரை டாக்டரிடம் அனுப்பினாள். நுரையீரல் பழையபடி ஆகாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் இவர் என்னிடம் கேட்டார்: “அந்த டாக்டருக்கு நீச்சல் தெரியுமா?”

“ஏன், தெரிஞ்சா தன் நுரையீரலைக் கழட்டி உங்களுக்குக் குடுத்துருவாரா?” என்றேன்.

அப்புறம் ஒரு நாள் ஆழமான பக்கத்தில் ஒரு சிறுமி வழுக்கி விழுந்தாள். இவர் குதித்துத் தூக்கிக்கொண்டு வந்தார், அதில் குறை சொல்ல முடியாது. அவள் அடிக்குப் போகாமல் மேலேயே தத்தளித்ததால் பிழைத்தாள். அவள் இருமி முடித்து, அழுது முடித்து, ஐஸ் வேண்டும் என்று அப்பாவிடம் அடம்பிடிக்கிற வரைக்கும் இவர் ஏணிக் கம்பியை விடவில்லை. இவர் உதடு நீலம் பாரித்திருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அடுத்த கோடைக்கு நாற்காலி வேணாம். மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க,” என்றேன் அன்று.

“கீழ இறங்கி மூடியைத் திறக்கறவரைக்கும் நான்தான். முடியாதப்ப சொல்றேன், போதுமா?”

குளத்தின் ஆழமான பக்கத்தில், தரையோடு தரையாக ஒரு இரும்பு மூடி இருக்கிறது. அதன் வளையத்தைப் பிடித்துத் தூக்கினால் குளத்துத் தண்ணீர் முழுதும் குழாய் வழியே வெளியேறிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை, கடைசி நாள் சாயங்காலம், கூட்டம் கலைந்த பிறகு இவர் முங்கிப் போய்த் திறப்பார். போன வருஷமே மேனேஜர், “வளையத்துல ஒரு சங்கிலி மாட்டி மேல இருந்தே இழுத்துக்கலாமே அண்ணே,” என்றான். “நான் இருக்கும்போது சங்கிலி எதுக்கு?” என்று இவர் எரிந்து விழுந்தார்.

இந்த வருஷக் கடைசி நாளும் வந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். மேனேஜரும் நானும் கரையில் நின்றோம். இவர் மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினார். போன வேகத்தில் மேலே வந்தார். மறுபடி முங்கினார். மறுபடி வந்தார். பிறகு வெகு நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டு இன்னொரு தடவை போனார். வெளியே வந்ததும் மேனேஜரைப் பார்க்காமல், “திறந்தாச்சு,” என்றார்.

நான் அவரைத் துண்டால் துடைத்துவிட்டேன். முதுகு துள்ளித் துள்ளி ஏறி இறங்கியது. பொய் சொல்கிறார் என்று அப்போதே எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கூடக் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

மறுநாள் காலையில் தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. தட்டான்களைக்கூடக் காணோம். மேனேஜர் பிளம்பரைக் கூட்டிவந்தான். பிளம்பர் வெளிக்குழாயில் கம்பியை விட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “உள்ள அடைச்சிருக்குங்க. இந்தப் பக்கச் சிமெண்டை உடைச்சுத்தான் பாக்கணும்.”

“உடைச்சிரு. வேற என்ன பண்றது?” என்றான் மேனேஜர்.

பிளம்பர் சம்மட்டியை எடுத்து வந்தான். இவர் நாற்காலியடியில் நின்று ஒரு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் நானே உண்மையைப் போட்டு உடைத்திருப்பேன்.

“நிறுத்துப்பா,” என்றார் இவர். “அடைப்பெல்லாம் இல்ல. மூடியை நான் திறக்கவே இல்ல.”

மேனேஜர் புரியாமல் பார்த்தான்.

“கை எட்டல. பாதியிலேயே மூச்சு போயிருச்சு. உங்கிட்டப் பொய் சொன்னேன்.”

அவன் நல்ல பையன். சிரித்துச் சமாளித்தான். “விடுங்க அண்ணே. ஒரு நாள் உடம்பு சரியில்ல, அவ்வளவுதானே? மூடிதானே, ஓடியா போயிரும்?”

“மூடிங்கறதால ஓடல தம்பி. அங்க கெடந்தது ஒரு குழந்தையா இருந்தா?”

பிளம்பர் சம்மட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். இவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார். கயிறு காதில் மாட்டிக்கொண்டது. நான் போய் எடுத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நாற்காலியை விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. வீட்டில் உட்காரத் தெரியாது, அரட்டை அடிக்கத் தெரியாது. இனி காலையில் எழுந்து என்ன செய்வார் இந்த மனுஷர்?

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அடுத்த கோடைக்கு அக்காவோட டிக்கெட் ஜன்னல்ல இருங்களேன்,” என்றான்.

“ஒரு ஜன்னலுக்கு ரெண்டு தலையா?” என்றேன் கண்ணைத் துடைத்தபடி. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அத்தனை ஆழம் முங்க வேறு ஆள் இல்லாததால், தண்ணீரை இறைக்கப் பிளம்பர் மோட்டார் கொண்டுவந்து வைத்தான். மறுநாள் சாயங்காலம் குளம் காலியாகிவிட்டது. நீலச் சுவரெல்லாம் பாசி. அடியில் ஹேர்பின்களும் அறுந்த செருப்பு வாரும் ஈர இலைகளும் கிடந்தன. மேனேஜர் கடையிலிருந்து ஒரு சங்கிலி வாங்கி வந்திருந்தான். பிளம்பர் இறங்கப் போனபோது இவர் கையை நீட்டினார். “குடு. நான் மாட்டறேன்.”

ஏணியில் இறங்கி, சரிவில் ஈரத் தரையைப் பார்த்துப் பார்த்து நடந்து, மூடியருகே போய்க் குந்தினார். வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு சங்கிலியை மாட்டி, இழுத்துப் பார்த்து, மறுமுனையைக் கொண்டுவந்து ஏணிக் கம்பியில் முடிச்சுப் போட்டார். அதற்குள் நிழல் எதிர்ச் சுவரில் ஏறிவிட்டது. காற்று குளிர ஆரம்பித்திருந்தது.

திரும்பி ஏறும்போது பாதி ஏணியில் நின்றார். கையெட்டும் தூரத்தில், குளத்து விளிம்பில், மூன்று நான்கு இலைகள் கிடந்தன. என் கண் அவற்றின் மேல்தான் போயிற்று. அவர் எதையும் எடுக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இரு. மூச்சு வாங்குது,” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “வாங்கட்டும், மெதுவா வாங்க,” என்று சொல்லிவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.