கத்தாமல் விட்ட சொல்

மேல்விஷாரத்துப் பாயை நினைத்தாலே, மேடையில் படுதாவைத் தாங்கும் அந்த நீண்ட இரும்புக் குழாய்தான் முதலில் கண்முன் வருகிறது. கயிற்றில் ஏற்றி இறக்கும் அந்தக் குழாய்க்கு எங்கள் பாஷையில் ‘பொணம்’ என்று பெயர். இறக்குகிறவன் “பொணம் வருது” என்று கத்த வேண்டும். கீழே இருப்பவன் மேலே பார்க்காமல் ஒதுங்க வேண்டும். எரியாத விளக்கு ‘நோன்பு’. வசனம் மறந்து நிற்கும் நடிகன் ‘பாலாறு’, அதாவது வறண்டுவிட்டான். பாதிப் பெயர்கள் பாய் வைத்தவை. வேலூரில் மேடை வேலையில் பதினோரு வருஷம் அவர்தான் எனக்கு ஜோடி. அவர் வாயைத் திறந்தால் சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு புண்ணாகிவிடும்.

ஒரு பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் நாடகம். ஒத்திகையில் நான் வழக்கம்போலக் கத்தினேன். பொறுப்பாக இருந்த டீச்சரின் முகம் சுருங்கியது. “ஏசு பொறக்குற எடத்துல பொணம்னு கத்தாதீங்க” என்றார். அதிலும் நியாயம் இருந்தது. சொல்லுக்குப் பதில் டார்ச்சை இரண்டு முறை அடிப்பது என்று நானும் பாயும் பேசிக்கொண்டோம். நாடகத்தன்று மத்தியானம், தொழுவக் காட்சிக்குக் குழாயை இறக்க வேண்டிய நேரத்தில் டார்ச் அடித்தேன். பாய் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தொழுவத்தின் மூங்கில் காலைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். டீச்சர் பக்கத்தில் நின்றார், வெட்கமாக இருந்தது. எப்படியும் எழுந்துவிடுவார் என்று கயிற்றை விட்டேன்.

குழாய் விழுந்து பாயின் முதுகெலும்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் பாய் கேட்டார்: “டார்ச்சை நான் பார்க்கல. கத்தினியா தோஸ்த்?”

“கத்தினேன் பாய்.”

பயம்தான், வேறொன்றுமில்லை. டீச்சரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இப்போது நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். ஞாயிறுதோறும் மேல்விஷாரம் போகிறேன். கட்டிலில் கிடக்கும் பாய், யார் வந்தாலும் என்னைக் காட்டி, “இவன் மேல தப்பில்ல. கத்தினான். எனக்குத்தான் கேக்கல” என்கிறார். அவர் மனைவி டாக்டரிடம் காட்டினார். காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பாய் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் எனக்கு இடமிருக்காது. சொல்லாமல் போய்வருகிற நான் கோழை.

போன ஞாயிறும் கட்டிலருகே உட்கார்ந்து, சாப்பிட்டாரா என்று கேட்டேன். பாய் கையைக் காதோரம் குவித்தார்.

“சத்தமா பேசு தோஸ்த். எனக்குக் காது கம்மி.”

சத்தமாகவே கேட்டேன்.